போகுதா, வரலையா?

எனக்குக் கோபம் சட்டென்று வந்துவிடும். வீட்டில் இது எல்லாருக்கும் தெரியும். வெளியாட்களுக்குத் தெரிய இரண்டு நாள் பிடிக்கும், அவ்வளவுதான். இப்படிப்பட்டவனுக்கு அமைந்த வேலையைப் பாருங்கள்: இண்டர்நெட் கம்பெனியில் வயர் இழுப்பது, பெட்டி மாட்டுவது, "நெட் வரலை, நெட் வரலை" என்று கத்துகிறவர்கள் முன்னால் பல்லைக் கடித்துக்கொண்டு சிரிப்பது. ஏழு வருடம் கடித்தும் பல் தேயாமல் இருப்பதே அதிசயம். அப்படி ஒரு நாளை ஓட்டிவிட்டுச் சாயங்காலம் வீட்டுக்குள் காலை வைத்தால், செருப்பைக் கழற்றுவதற்குள் ஒரு குரல் வரும்.

"தம்பி, ஒரு சந்தேகம்."

என் அண்ணன் மனைவிதான். அண்ணி கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர். காலையில் நாலு மணி நேரம், சாயங்காலம் இரண்டு மணி நேரம், பயந்து நடுங்குகிறவர்களின் பக்கத்து சீட்டில் உட்கார்ந்துவிட்டு வருவார். நடுவில் கிடைக்கிற நேரமெல்லாம் கம்ப்யூட்டருக்கு. மூன்று வருடத்துக்கு முன்னால், யாரோ குப்பையில் போட இருந்த ஒரு பழைய கம்ப்யூட்டரைப் பயிற்சிக் காரின் பின்சீட்டில் உட்கார்த்தி, பெல்ட்டும் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தார். அன்று பிடித்ததுதான். இப்போது கூடத்து மூலை மேசையில் மூன்று கம்ப்யூட்டர்கள் வயிற்றைத் திறந்துகொண்டு கிடக்கின்றன. ஒன்றிலிருந்து கழற்றிய விசிறி இன்னொன்றில் சுற்றுகிறது. அண்ணன் அந்த மூலைக்கு 'ஆபரேஷன் தியேட்டர்' என்று பேர் வைத்துவிட்டு, அந்தப் பக்கம் போகாமல் நடமாடப் பழகிக்கொண்டான்.

சந்தேகங்களும் லேசுப்பட்டவை அல்ல. "ஐநூறு ஜிபின்னு அட்டையில போட்டிருக்கு. உள்ளே மாட்டினா நானூத்தி அறுபத்தஞ்சுதான் காட்டுது. மிச்சத்தை யாரு தின்னது தம்பி?" என்பார். "நூறு எம்பி வேகம்னு விக்கிறீங்க. ஒரு ஃபைலை இறக்கினா பன்னண்டைத் தாண்ட மாட்டேங்குதே, ஏன்?" என்பார். ஒரு நாள் கேட்டார்: "எது கெட்டாலும் அணைச்சுப் போடுங்கன்னு சொல்றீங்க. போட்டா சரியாவும் ஆயிடுது. அப்ப, அணைச்சிருந்த நேரத்துல என்ன தம்பி சரியாச்சு?"

எனக்கு என்ன தெரியும்? அணைத்துப் போட்டால் சரியாகும் என்று தெரியும். அதற்கு மேல் யார் கேட்டார்கள்? "அது அப்படித்தான் அண்ணி" என்று சொல்லிவிட்டு முகம் கழுவப் போய்விடுவேன்.

அதையும் அவர் எழுதிக்கொள்வார். பயிற்சிப் பள்ளியில் மிஞ்சிப்போன வருகைப் பதிவேடு ஒன்றை எடுத்து, தலைப்புகளை அடித்துவிட்டு, தேதி, கேள்வி, யார் என்ன சொன்னார்கள், காரணம் என்று நாலு கட்டமாக்கி வைத்திருந்தார். ஒரு தடவை புரட்டிப் பார்த்தேன். மூன்றாவது கட்டத்தில் வரிசையாக 'தம்பி: அது அப்படித்தான்', 'தம்பி: அது அப்படித்தான்' என்று ஒரு பக்கம் முழுக்க இருந்தது. நாலாவது கட்டத்தில், இரண்டு மூன்று வாரம் கழித்து, வேறு மையில் அவரே தேடிக் கண்டுபிடித்து எழுதிய காரணங்கள். அந்தப் பன்னிரண்டு சமாசாரத்துக்கு அரைப் பக்கம் எழுதியிருந்தார். கம்பெனி பிட் கணக்கில் விற்கிறது, கம்ப்யூட்டர் பைட் கணக்கில் காட்டுகிறது, எட்டு பிட் சேர்ந்தால் ஒரு பைட், நூறை எட்டால் வகுத்துப் பார். ஏழு வருடமாக அதை விற்றுக்கொண்டிருந்த எனக்கு அன்றுதான் அது தெரிந்தது. தெரிந்ததும் சந்தோஷப்பட்டேனா? எரிச்சல்தான் பட்டேன்.

அந்த எரிச்சலோடு எரிச்சலாகத்தான் முப்பது வீட்டுக் கட்டிடம் என் தலையில் வந்து விழுந்தது. ஐந்து மாடி, மாடிக்கு ஆறு வீடு. கீழே படிக்கட்டுக்கு அடியில் ஒரு இரும்பு அலமாரி. அதற்குள் எங்கள் கம்பெனியின் பெரிய பெட்டி. அதிலிருந்து வீட்டுக்கு ஒரு வயர் என்று முப்பது வயர் மேலே ஏறும். எல்லாம் நான் மாட்டியதுதான். இரண்டு வருடமாக ஒரு குறை கிடையாது. ஆறு வாரத்துக்கு முன்னால் ஆரம்பித்தது: மத்தியானம் ஒரு மணி ஆனால் நெட் போகிறதாம். இரண்டு மணிக்கு மேல் வந்துவிடுகிறதாம். அதுவும் எல்லா வீட்டிலும் இல்லை. இன்றைக்கு மூன்றாம் வீடும் ஏழாம் வீடும் அலறும். நாளைக்கு ஏழு நன்றாக இருக்கும், பதினொன்று அலறும்.

கஸ்டமர் கேரில் உட்கார்ந்திருப்பவர்கள் வழக்கம் போல "அணைச்சுப் போடுங்க" என்பார்கள். வீட்டுக்காரர்கள் ஒரு மணியிலிருந்து அணைத்து அணைத்துப் போடுவார்கள். இரண்டு மணிக்கு மேல் ஏதோ ஒரு தடவை போட்டதில் வந்துவிடும். உடனே அந்தப் புகாரில் 'தீர்ந்தது' என்று எழுதி மூடிவிடுவார்கள். மறுநாள் அதுவே புதுப் புகாராக வரும்.

நான் சும்மா இருக்கவில்லை. பெரிய பெட்டியை மாற்றினேன். வெளியிலிருந்து வருகிற வயரை மாற்றினேன். மின்சாரத்தைச் சந்தேகப்பட்டு அதற்கும் ஒரு பேட்டரிப் பெட்டி வைத்தேன். மூன்று நாள் சாப்பாட்டை விட்டுவிட்டு, காலையிலிருந்தே லேப்டாப்பைப் போட்டுக்கொண்டு அந்த அலமாரி முன்னால் காவல் இருந்தேன். ஒரு மணி அடித்ததும் மேலே கதவுகள் திறக்கிற சத்தமும் "போச்சு!" என்கிற கத்தலும் கேட்கும். என் லேப்டாப்பில் நெட் ஜம்மென்று ஓடிக்கொண்டிருக்கும். மேலே போய்ப் பார்த்திருக்கலாம். போனால் நாலு பேர் சூழ்ந்துகொள்வார்கள், எனக்கு வாய் நீளும், அது தனிப் புகாராகும். அதனால் கீழேயே உட்கார்ந்திருந்தேன்.

செவ்வாய்க்கிழமை மேனேஜர் கூப்பிட்டார். அவர் கத்துகிற ஆள் இல்லை. அதுதான் பயம்.

"கட்டிடத்துக்காரங்க எல்லாரும் சேர்ந்து கடிதம் குடுத்திருக்காங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள சரியாகலைன்னா முப்பது வீடும் வேற கம்பெனிக்குப் போறாங்களாம். இந்த மாசக் கடைசியோட உன் ஒப்பந்தம் முடியுது. முப்பது வீட்டைத் தொலைச்ச ஆளோட ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கச் சொல்லி நான் எப்படி மேல கேக்கறது, நீயே சொல்லு."

எனக்குத் தெரிந்த ஒரே தொழில் இது. வேறு கம்பெனிக்குப் போனாலும், ஏன் அங்கிருந்து வந்தாய் என்று முதல் கேள்வி கேட்பான்.

அன்று சாயங்காலமும், மறுநாளும், வீட்டில் யாரோடும் பேசவில்லை. புதன்கிழமை சாயங்காலம் அண்ணன்தான் பிடுங்கிப் பிடுங்கி விஷயத்தை வாங்கினான். சொல்லி முடிக்கக்கூட இல்லை.

"தம்பி, ஒரு சந்தேகம்," என்றார் அண்ணி.

வெந்த புண்ணில் வேல் பாய்ந்த மாதிரி இருந்தது. "அண்ணி, உங்களுக்கு இது பொழுதுபோக்கு. எனக்குப் பொழப்பு! தெரியுதா?" என்று கத்திவிட்டேன்.

"டேய்! வாயை அளந்து பேசு," என்று அண்ணன் எழுந்துவிட்டான்.

அண்ணி அசையவே இல்லை. தினமும் யாராவது ஒருவர் பிரேக்குக்குப் பதில் ஆக்ஸிலரேட்டரை மிதிப்பதைப் பார்க்கிறவர். "சரி தம்பி, பொழப்பாவே கேக்கறேன். நெட் போகுதா, வரலையா?"

"ரெண்டும் ஒண்ணுதானே?"

"எப்படி ஒண்ணாகும்? ஓடிக்கிட்டிருக்கிற வண்டி நின்னுபோனா அது ஒரு கோளாறு. நின்ன வண்டி ஸ்டார்ட் ஆகலைன்னா அது வேற கோளாறு. இது எது?"

ஆறு வாரத்தில் நாற்பது புகார் படித்தவன் நான். எல்லாவற்றிலும் 'நெட் போச்சு' என்றுதான் இருந்தது. போச்சா, வரலையா என்று நான் ஒருவரையும் கேட்டதில்லை.

"நாளைக்குப் பதினொண்ணுலேருந்து மூணு வரைக்கும் எனக்கு வேலை இல்லை. கூட வரட்டுமா?" என்றார். நான் கத்தியது அவர் காதில் விழுந்ததாகவே தெரியவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. அதைச் சொல்லத் தெரியாமல் தலையை மட்டும் ஆட்டினேன்.

வியாழக்கிழமை பயிற்சிக் காரில், கூரை மேல் 'ஓட்டுநர் பயிற்சி' என்கிற எச்சரிக்கைப் பலகையோடு, இரண்டு பேரும் போய் இறங்கினோம். நான் நேராக அலமாரிப் பக்கம் நடந்தேன். அண்ணி படியேறினார்.

"கோளாறு கீழே இருக்கு அண்ணி."

"மனுஷங்க மேல இருக்காங்களே."

ஒவ்வொரு கதவாகத் தட்டினார். நான் இரண்டு படி கீழே ஒளிந்த மாதிரி நின்றேன். "கம்பெனியிலேருந்தா?" என்று சிலர் பாய்ந்தார்கள். "இல்லைங்க, சும்மா கத்துக்க வந்திருக்கேன்," என்று சொல்லி அவர்களைக் குழப்பினார். அப்புறம் ஒரே கேள்வி: "கடைசியா ஒரு மணிக்குத் தகராறு பண்ணப்போ, அதுக்கு அஞ்சு நிமிஷம் முன்னாடி என்ன பண்ணிக்கிட்டிருந்தீங்க?" இரண்டாம் மாடிக் கணக்கு டீச்சர், "அப்பதாங்க கம்ப்யூட்டரையே போட்டேன், ஒண்ணேகாலுக்குப் பசங்களுக்கு ஆன்லைன் வகுப்பு" என்றார். மூன்றாம் மாடியில் ஒருவர் வெளியே போய்விட்டு அப்போதுதான் போனோடு வீட்டுக்குள் நுழைந்திருந்தார். ஐந்தாம் மாடித் தாத்தா மட்டும், "எனக்கு ஒரு தடவைகூட தகராறு பண்ணலையே, காலையில டிவியைப் போட்டா ராத்திரிதான் அணைப்பேன்," என்று மார்தட்டினார். பதிவேட்டில் பத்தொன்பது வீடு சேர்ந்ததும் அண்ணி படிக்கட்டில் உட்கார்ந்து வரிசையாகப் படித்துப் பார்த்தார்.

"தம்பி, ஓடிக்கிட்டிருந்த எவருக்கும் போகலை. புதுசாப் போட்டவங்களுக்குத்தான் வரலை. இது போற கோளாறு இல்லை, வராத கோளாறு."

என் லேப்டாப் ஏன் மூன்று நாளும் ஜம்மென்று ஓடியது என்று அப்போது உறைத்தது. காலையிலேயே போட்டு வைத்துவிட்டு, ஒரு மணிக்கு என்ன தேடினேன்? என் கண்ணை நானே கட்டிக்கொண்டு காவல் இருந்திருக்கிறேன்.

ஒரு மணிக்கு டீச்சர் வீட்டில் இருந்தோம். ஒன்று பத்துக்கு அவர் கம்ப்யூட்டரைப் போட்டார். நெட் வரவில்லை. வெளியே இரண்டு கதவு திறந்து "போச்சு!" கேட்டது. நான் குனிந்து அந்தக் கம்ப்யூட்டருக்குக் கிடைத்திருந்த நம்பரைப் பார்த்தேன். அது எங்கள் நம்பரே இல்லை.

அண்ணிக்குப் புரிகிற மாதிரி சொன்னேன். நெட்டுக்குள் வருகிற ஒவ்வொரு போனுக்கும் கம்ப்யூட்டருக்கும் கீழே இருக்கிற பெரிய பெட்டி ஒரு நம்பர் கொடுக்கும், வங்கியில் டோக்கன் கொடுக்கிற மாதிரி. டோக்கன் வாங்கினால்தான் உள்ளே போக முடியும். எங்கள் பெட்டி கொடுக்கிற நம்பர் பத்தில் ஆரம்பிக்கும். டீச்சர் கம்ப்யூட்டரில் இருந்தது நூற்றுத் தொண்ணூற்றிரண்டில் ஆரம்பிக்கிற நம்பர், எங்கள் பெட்டியில் செல்லாத டோக்கன்.

"அப்ப வேற யாரோ டோக்கன் குடுக்கறாங்க!" என்றார் அண்ணி. கண் இரண்டும் விரிந்துவிட்டது. "ஏற்கெனவே வாங்கினவங்க தப்பிச்சாங்க. ஒரு மணிக்கு மேல வந்தவங்க ரெண்டு பேர்ல யாரு முந்திக்கிட்டுக் குடுத்தாங்களோ அவங்ககிட்ட வாங்கிட்டாங்க. எங்க இருக்கு தம்பி அந்த இன்னொரு பெட்டி?"

அதுதான் கேள்வி. முப்பது வயரில் ஏதோ ஒன்றின் முனையில். கீழே ஓடினோம். நான் ஒவ்வொரு வயராக உருவ ஆரம்பித்தேன். உருவி, லேப்டாப்பை அணைத்துப் போட்டு, நம்பர் பார்த்து, திரும்பச் செருகி. மூன்று வயருக்கே நாலு நிமிடம் ஆயிற்று. இரண்டு மணியானால் எல்லாம் சரியாகிவிடும், மறுபடி வெள்ளிக்கிழமைதான்.

"ஒவ்வொண்ணா எதுக்கு? பாதியை உருவுங்க," என்றார் அண்ணி. "நம்பர் சரியா வந்தா ஆள் அந்தப் பாதியில. வரலைன்னா மிச்சப் பாதியில. அப்புறம் அதுலயும் பாதி."

பதினைந்து வயரை உருவினால் பதினைந்து வீட்டில் நிஜமாகவே நெட் போகும். ஐந்தாம் மாடித் தாத்தா உள்பட. போகட்டும் என்று உருவினேன். மேலே கட்டிடமே கத்தியது. பதினைந்து, ஏழு, நாலு, இரண்டு, ஒன்று. ஐந்தே தடவையில் ஒரு வயர் என் கையில் நின்றது. அதில் ஒட்டியிருந்த சீட்டில் என் கையெழுத்தில் இருபத்து நாலு என்று எழுதியிருந்தது. நாலாம் மாடி, கடைசி வீடு. என் பட்டியலில் அந்த வீட்டுக்கு நேரே 'பூட்டிய வீடு' என்று இருந்தது. பூட்டிய வீட்டிலிருந்து யார் புகார் செய்வார்கள்? அதனால் அந்தப் பக்கம் நான் திரும்பியே பார்த்ததில்லை. அந்த வயரையும் செருகிவிட்டு மேலே ஏறினோம்.

கதவைத் திறந்தவர் ஒரு சின்ன மனிதர். கையில் சொம்புத் தண்ணீர். பக்கத்துத் தெருவில் கைக்கடிகாரம் ரிப்பேர் செய்கிறவராம். வீடு அவர் தங்கையுடையது. தங்கை வெளிநாடு போய் ஆறு வாரம் ஆகிறது. இவர் தினமும் ஒரு மணிக்கு வந்து மெயின் சுவிட்சைப் போட்டு, சாப்பிட்டு, தொட்டிச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றி, விசிறிக்கு அடியில் கொஞ்சம் கண்ணயர்ந்துவிட்டு, இரண்டு மணிக்கு மெயினை அணைத்துவிட்டுக் கடைக்குப் போவார். தங்கையின் மின்சாரம் வீணாகக் கூடாதே என்று. அவரிடம் இருப்பது பட்டன் போன். நெட்டென்றால் என்னவென்றே தெரியாது.

கூடத்து மர அலமாரிக்குப் பின்னால் ஒரு பெட்டி பச்சை விளக்கைச் சிமிட்டிக்கொண்டிருந்தது. எங்கள் கம்பெனிப் பெட்டி இல்லை, அந்த வீட்டம்மாவின் சொந்தப் பெட்டி. வெளியிலிருந்து வருகிற வயரை நீலத் துளையில் செருக வேண்டும். அது, வீட்டுக் கம்ப்யூட்டருக்குப் போகிற வயருக்கான மஞ்சள் துளையில் இருந்தது.

பார்த்த உடனே எனக்கு எல்லாம் ஞாபகம் வந்துவிட்டது. இரண்டு வருடத்துக்கு முன்னால், அன்றைக்குப் பதினோராவது வீடு. நீலத் துளையின் பிடிப்பு உடைந்திருந்தது, வயர் நிற்கவில்லை. முறைப்படி வேலைச் சீட்டில் எழுதி, வேறு பெட்டி வாங்கி வைக்கச் சொல்லிவிட்டு, மறுநாள் திரும்ப வந்திருக்க வேண்டும். எனக்குப் பொறுமை ஏது? எடுத்தேன் கவிழ்த்தேன் என்று வயரைப் பக்கத்து மஞ்சள் துளையில் குத்தி, அந்தப் பெட்டி டோக்கன் கொடுக்காதபடி உள்ளே போய் அதை நிறுத்திவிட்டு, 'முடிந்தது' என்று கையெழுத்துப் போட்டுவிட்டு இறங்கினேன். சீட்டில் ஒரு வரி எழுதவில்லை. நிறுத்தி வைத்ததைத் திருப்பிப் போட்டது யார் என்பதுதான் புரியவில்லை.

"ஐயா, இந்தப் பெட்டியை யாராவது ஏதாவது பண்ணாங்களா?" என்று கேட்டேன்.

கடிகாரக்காரர் சொம்பைக் கீழே வைத்தார். "தங்கச்சி கிளம்புறதுக்கு முந்தின நாள் நெட் கொஞ்சம் மந்தமா இருக்குன்னு உங்க கம்பெனிக்குப் போன் பண்ணா. பின்னாடி ஒரு சின்ன ஓட்டை இருக்கும், ஊசியால அழுத்திப் பிடிங்கன்னு அங்கே சொன்னாங்களாம். என் கடை ஊசியைத்தான் குடுத்தேன். நானேதான் அழுத்தினேன். ஏங்க, அதனாலயா? கீழ் வீட்டுல எல்லாம் ஆறு வாரமா கத்திக்கிட்டிருந்தாங்களே, அது என்னாலயா?"

ஊசியால் குத்தினால் பெட்டி கடையில் வாங்கிய நாள் நிலைக்குப் போய்விடும். நான் நிறுத்தி வைத்த டோக்கன் வேலையை அது மறுபடி தொடங்கிவிட்டது. வெளி வயர் நீலத் துளையில் இருந்திருந்தால் அந்த டோக்கன் அந்த ஒரு வீட்டோடு நின்றிருக்கும். மஞ்சளில் இருந்ததால் கட்டிடம் பூராவும் போனது. அந்த மனிதர் முகம் வெளுத்து, "எல்லார் வீட்டுக்கும் போய் மன்னிப்புக் கேட்டுடறேங்க," என்று சட்டையைத் தேடினார்.

அப்போது அண்ணி பதிவேட்டைத் திறந்து, நாலாவது கட்டத்தின் மேல் பேனாவை வைத்துக்கொண்டு கேட்டார்: "தம்பி, ஊசி சரி. வயரை ஏன் மஞ்சள்ல குத்தியிருக்கு? யார் குத்தினது?"

அவருக்கு நிஜமாகவே தெரியாது. அந்த அறையில் தெரிந்தவன் நான் ஒருவன்தான். ஒரு நொடி போதும்: வயரை நீலத்துக்கு மாற்றிக் கட்டிவிட்டு, 'வாடிக்கையாளர் சொந்தப் பெட்டியைத் தவறாகக் கையாண்டார்' என்று எழுதினால் மேனேஜருக்கு மகா சந்தோஷம். ஒப்பந்தம் கையில். கடிகாரக்காரர் பழியை ஏற்கத் தயாராகச் சட்டை மாட்டிக்கொண்டிருக்கிறார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவர்கள் உண்டு, இது ஒரு சின்ன வயர்தானே என்றுகூடத் தோன்றியது. ஆனால் அந்த மனிதர் பொத்தானைத் தப்பான துளையில் போட்டுக்கொண்டு நின்றார். அதைப் பார்க்க முடியவில்லை.

"நான்தான் அண்ணி. ஓட்டை உடைஞ்சிருந்தது. திரும்ப வரச் சோம்பல்பட்டு நான்தான் குத்தினேன். சீட்டுல எழுதவும் இல்லை. ஐயா, உங்க மேல ஒரு தப்பும் இல்லை. நீங்க யார்கிட்டயும் போய் எதுவும் கேக்க வேண்டாம்."

சொல்லிவிட்டு அண்ணி முகத்தைப் பார்க்கப் பயந்தேன். 'என்கிட்டயா தம்பி கத்தினீங்க' என்று ஒரு பார்வை வரும், வர வேண்டும், எனக்கு அது வேண்டியதுதான் என்று காத்திருந்தேன்.

"அட! அதனாலதானா!" என்றார்.

முகம் பூரித்துப்போயிருந்தது. "அப்ப நீங்க நிறுத்தி வெச்சது ரெண்டு வருஷம் வேலை செஞ்சிருக்கு. ஊசி பட்டதும் போச்சு. மெயின் போட்டா எழுந்திருக்குது, அணைச்சா தூங்குது, அதான் ஒண்ணுலேருந்து ரெண்டு! ஐயா, இங்கே வந்து பாருங்க, உங்க ஊசி எவ்வளவு தூரம் வேலை செஞ்சிருக்குன்னு பாருங்க," என்று கடிகாரக்காரரையும் இழுத்துவந்து பெட்டி முன்னால் குனிய வைத்தார். அவரும் குனிந்து, சின்னத் துளைகளைப் பார்த்ததும் தொழில் புத்தி வந்துவிட, சட்டைப் பையிலிருந்து லென்ஸை எடுத்துக் கண்ணில் மாட்டிக்கொண்டார். இரண்டு பேரும் அந்த உடைந்த பிடிப்பை அப்படி ரசித்தார்கள். நான் குற்றவாளியாக ஒருவன் நிற்கிறேனே, என்னை யாராவது பார்க்க வேண்டாமா? அண்ணிக்கு யார் செய்தது என்பதும் பெட்டியின் நிறம் மாதிரி ஒரு தகவல்தான். அவர் தேடியது காரணத்தை. அது கிடைத்துவிட்டது. நான் இத்தனை வருடத்தில் ஒரு வீட்டிலாவது அந்த முகத்தோடு ஒரு கோளாறைப் பார்த்திருக்கிறேனா? அந்த நிமிடம் அவரைக் கும்பிடலாம் போலிருந்தது. சும்மா சொல்லவில்லை.

வயரை உருவினேன். போனில் சொன்னதும் கீழே டீச்சர் கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டார். பத்தில் ஆரம்பிக்கிற நம்பர் வந்தது. மணி ஒன்று ஐம்பது. நான் துள்ளாத குறை.

"மறுபடி குத்துங்க," என்றார் அண்ணி.

"என்னது?"

"தானா சரியாச்சா, இதனால சரியாச்சான்னு எப்படித் தெரியும்? குத்துங்க. கெட்டாத்தான் நம்பலாம்."

மறுபடி மஞ்சளில் குத்தினேன். கெட்டது. உருவினேன். வந்தது. இன்னொரு தடவை. கெட்டது, வந்தது. அண்ணி ஒவ்வொன்றையும் மணியோடு எழுதிக்கொண்டார். ஏழு வருடத்தில் சரி செய்த ஒரு கோளாறை நானே திரும்பக் கெடுத்துப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

படிக்கட்டில் உட்கார்ந்து மேனேஜருக்குப் போன் செய்தேன். நடந்ததை நடந்தபடி சொன்னேன். மஞ்சள் துளையையும் சொன்னேன்.

"இதை நீ சொல்லலைன்னா எனக்குத் தெரிஞ்சிருக்காது."

"தெரியும் சார்."

"கண்டுபிடிச்சது யாரு?"

"எங்க அண்ணி சார்."

"எந்தக் கம்பெனி?"

"கார் ஓட்டக் கத்துக்குடுக்கறாங்க சார்."

அப்புறம், "இந்த மாதிரி வேற எத்தனை வீட்டுல பண்ணி வெச்சிருக்கே?" என்றார்.

விரல் விட்டு எண்ண ஆரம்பித்தேன். பதினோராவது வீடு ஒரே ஒரு நாள்தானா வந்தது? கோபமும் அவசரமும் ஒரே ஒரு நாள்தானா?

"புரியுது. நாளைக்குக் காலையில லிஸ்டோட வா. எல்லா வீடும் அதுல இருக்கணும். உன் சொந்த நேரத்துல ஒவ்வொண்ணாப் போய்ச் சரி பண்ணு. லிஸ்ட் என் கைக்கு வந்தா உன் ஒப்பந்தத்துல நான் கையெழுத்துப் போடறேன். லிஸ்ட்ல இல்லாத ஒரு வீடு பின்னாடி மாட்டுச்சுன்னா, அன்னைக்கே கிழிச்சுடுவேன்."

போனை வைத்தேன். பக்கத்துப் படியில் உட்கார்ந்திருந்த அண்ணிக்கு எல்லாம் கேட்டிருந்தது. பதிவேட்டில் புதுப் பக்கம் புரட்டினார். வீடு, எப்போது, என்ன செய்தது, ஏன் என்று நாலு கோடு இழுத்து நாலு தலைப்பு எழுதினார்.

"சொல்லுங்க தம்பி. ஒண்ணு விடாம."

கண்ணை மூடினேன். தெருத் தெருவாக, மாடி மாடியாக எல்லாம் வந்து நின்றன. எதிலிருந்து ஆரம்பிப்பது என்று யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. ஏழு வருடத்துக்கு முன்னால், வேலையில் சேர்ந்த முதல் வாரம், யாரும் வந்து சோதிக்க மாட்டார்கள் என்ற தைரியத்தில், ஞாயிற்றுக்கிழமை தூக்கக் கலக்கத்தில் மாட்டியது.

"முதல் வீடு..." என்றேன். "முதல் வீடு நம்ம வீடுதான் அண்ணி."

அண்ணியின் பேனா ஒரு கணம் நின்றது. அப்புறம் அவர் அந்தப் படிக்கட்டே அதிரும்படி சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, என் பக்கமாக நகர்ந்து உட்கார்ந்து, அதே ஆவலோடு கேட்டார்:

"நிஜமாவா? எந்த இடத்துல தம்பி? என்ன பண்ணீங்க?"

நான் சொன்னேன். அவர் எழுதிக்கொண்டார்.